பூட்டியவனிடம் இல்லாத திறப்பு

வோபர்ன், ஸ்காபரோ
18.02.1996

அன்புள்ள தம்பி அகஸ்ரினுக்கு,

நீயும் கிளடிஸும் நோய்நொடியில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பஸ்ரியன் அத்தானுக்கு முதுகு நோ விட்டுவிட்டு வருகிறது. ஸ்டெபனி பனியில் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். மற்றும்படி சுகம்.

போனில் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நீ வேலை செய்யும் சட்டத்தரணி அருள்நாயகம் சேரின் கந்தோர் அலுமாரியை உடைத்தவர்கள், தட்டச்சு இயந்திரத்தையும் மின்விசிறியையும் தொடாமல் வாக்குமூலங்களை மட்டும் எடுத்துப் போனார்கள் என்றால் அது களவு இல்லை. காணாமற்போனவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லத் துணிந்த சனத்தின் பெயர்கள் இப்போது யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கின்றன. "அக்கா, கொம்பியூட்டரிலை வைச்சால் ஆரும் எடுக்கேலாதோ?" என்று கேட்டாய். எடுக்கலாம். காகிதத்தை விடச் சுலபமாகவே எடுக்கலாம். எடுத்தாலும் வாசிக்க முடியாமல் செய்வதுதான் வழி.

அலெக்ஸாண்டர் அண்ணை தாயைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு டிஸ்க் தந்துவிடுகிறேன். அதில் ஒரு புரோகிராம் இருக்கிறது. காசில்லாமல் கிடைப்பது, மார்க்கம் நகரில் எங்கள் கந்தோரிலும் இதைத்தான் பாவிக்கிறோம். பழைய முறைகளில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சொல். அந்தச் சொல்லை மற்றவருக்கு எப்படி அனுப்புவது என்பதே பெரிய தலையிடி. இதில் அப்படி இல்லை. புரோகிராம் இரண்டு பெரிய எண்களை உருவாக்கும். ஒன்று பூட்ட மட்டும் உதவும், மற்றது திறக்க மட்டும். பூட்டும் எண்ணை ஊரெல்லாம் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு மற்ற எண்ணைக் கண்டுபிடிக்க வெளிக்கிட்டால், கண்டுபிடிக்கும்போது நாங்கள் ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டோம். டிஸ்கில் என்னுடைய பூட்டை வைத்திருக்கிறேன். திறக்கும் எண்ணான திறப்பு என்னிடமே இருக்கும். நீ எழுதியதைப் பூட்டி ஈமெயிலில் எனக்கு அனுப்பு. வழியில் யார் பிடித்துப் பார்த்தாலும் குப்பை போலத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். வழியில் யாராவது டிஸ்கை மாற்றித் தங்கள் பூட்டை என் பெயரில் வைத்துவிட்டால், நீ எழுதுவதெல்லாம் அவர்களுக்கே போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பூட்டுக்கும் கைரேகை போல எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி உண்டு. அதை இங்கே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் வாசிப்பேன். நீ கொம்பியூட்டரில் காண்பதோடு ஒத்துப் பார்.

கிளடிஸுக்கு ஒரு குளிர்ச்சட்டை அனுப்புகிறேன். கொழும்பில் எதற்கு என்று நீ சிரிப்பாய். நுவரெலியாவுக்குப் போகும்போது போடலாம்.

அன்புடன் அக்கா,
கிறிஸ்ரினா

*

கொழும்பு
24.03.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்தேன். எங்கள் பக்கம் குறையில்லை. மழை இல்லாததால் மின்வெட்டு. கந்தோர் கொம்பியூட்டர் பகலில் பாதி நேரம் சவம் மாதிரிக் கிடக்கிறது.

நீ போனில் வாசித்த வரி சரியாக ஒத்துப் போனது. வேலை தொடங்கிவிட்டோம். வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். பெயர், விலாசம் உள்ள பக்கத்தை மட்டும் சேர் என்னிடம் விடுவதில்லை. கண் மங்கலாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை விரலால் தானே அடிக்கிறார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி உனக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை நீ சொன்ன கட்டளையால் மேலே எழுதி அழிக்கிறேன்.

முதல் நாள் ஒரு வேடிக்கை. ஒன்றைப் பூட்டிவிட்டு, ஒரு பிழை திருத்தலாம் என்று திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. சேரிடம் போய், "சேர், நான் பூட்டினது எனக்கே திறக்குதில்லை" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சரியான சாமான்தான்" என்றார்.

கிளடிஸுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் எழுதுநர் வேலை ஒன்று காலியாக இருப்பதாக வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறாள். குளிர்ச்சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

தம்பி,
அகஸ்ரின்

*

வோபர்ன்
05.05.1996

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இங்கே பனி முடிந்துவிட்டது. ஸ்டெபனி முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்கிறாள். செபங்களைத் தமிழில் மனனம் செய்துவிட்டு, "அம்மா, கோட் தமிழ் அண்டர்ஸ்ராண்ட் பண்ணுவாரா?" என்று கேட்கிறாள்.

இதை எங்கள் பங்கிலிருந்து வருகிற சுவாமியிடம் கொடுத்துவிடுகிறேன். நீ அனுப்பியவை எல்லாம் வந்து சேர்ந்தன. ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். வாசிப்பது என் வேலை இல்லை. வாசித்துவிட்டேன். புருசனை ஏற்றிச் சென்ற வாகனத்தின் இலக்கத்தைக் குசினிச் சுவரில் அடுப்புக் கரியால் எழுதி வைத்துவிட்டு, அதன் மேல் சுளகைத் தொங்கவிட்டு மறைத்த பெண்ணுடைய வாக்குமூலம். அடுத்த நாள் கந்தோர்க் கூட்டத்தில் மனேஜர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டார். இனி நான் எதையும் திறக்கப் போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். புரோகிராமில் ஒரு வசதி இருக்கிறது. எனக்குப் பூட்டும்போதே உனக்கும் சேர்த்துப் பூட்டலாம். அதற்கு நீயும் ஒரு திறப்பு உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிழை திருத்துவது சுலபம். ஆனால் கேட்கிறவனிடம் கொடுக்க உன் கையில் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் இருக்காது. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால்தான் ஆபத்து என்று கந்தோர் மூளை சொல்கிறது. நீயே யோசித்து எழுது.

அத்தான் சொல்கிறார், "உவனுக்குக் கனடாவுக்கு வாற வழியைப் பாக்காமல், டிஸ்க் அனுப்பிக்கொண்டு இருக்கிறீர்" என்று. அதையும் யோசி.

அன்புடன்,
அக்கா

*

கொழும்பு
11.06.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்டெபனியின் முதல் நன்மைப் படம் கிடைத்தது. வளர்ந்துவிட்டாள். நாங்கள் சுகம்.

அலெக்ஸாண்டர் அண்ணை திரும்பி வருவதால் இதை மனம்விட்டு எழுதுகிறேன். எனக்குத் திறப்பு வேண்டாம். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பல் பிடுங்கும் கதிரையைக் கண்டாலே அழுதவன்.

சேர் கண் சத்திரசிகிச்சைக்காக லண்டனில் மகனிடம் போயிருக்கிறார். அங்கே மகனுடைய உதவியோடு தனக்கென்று ஒரு பூட்டும் திறப்பும் உருவாக்கியிருக்கிறார். பூட்டை உனக்கு நேரே அனுப்புவார். கைரேகை வரியைப் போனில் சொல்வார். எனக்கும் கிளடிஸுக்கும் அதைப்பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். அவர் வரும்வரை புதிதாக யாரிடமும் வாக்குமூலம் எடுப்பதில்லை. நான் கந்தோரைத் திறந்து, தூசி தட்டி, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன்.

கனடா விசயம் பிறகு பேசுவோம். அத்தானின் முதுகுக்குச் சித்தாலேபம் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
அகஸ்ரின்

*

கொழும்பு
08.08.1996

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் பஸ்ரியன் அண்ணையும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இவரைக் கொண்டுபோனதைப் போனில் சொன்னபோது நீங்கள் அழுதீர்கள். மிச்சத்தை அப்போது சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் போன். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். இப்போது எழுதுகிறேன்.

கந்தோருக்கு வந்தவர்கள் சீருடையில் இல்லை. கொம்பியூட்டரையும் இவரையும் ஒரே வான் வண்டியில் ஏற்றினார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே பல நாள் அலைந்தேன். கடைசியில் ஒரு இடத்தில் ஓம், இங்கேதான் என்றார்கள். தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவர் கதிரை தந்து இருக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்கடை மிஸ்டர் எல்லாத்தையும் பூட்டி வைச்சிருக்கிறார். பாஸ்வேர்ட் கேட்டால், என்னட்டை இல்லை எண்டுறார். பூட்டினவனுக்குத் திறக்கத் தெரியாதெண்டால் ஆர் நம்புவான், சொல்லுங்கோ?"

"அவருக்கு உண்மையிலை தெரியாது, சேர்" என்றேன்.

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

அவரே சொன்னார்: "கனடாவிலை அக்கா இருக்கிறாவாம். அவவிட்டைத்தான் திறப்பு இருக்காம். எழுதுங்கோ. அது வந்தால் நாங்கள் இவரை வைச்சிருந்து என்ன செய்யிறது?"

இவரைத் தூரத்தில் காட்டினார்கள். நடந்துதான் வந்தார். கையைப் பின்னால் வைத்திருந்தார், கட்டியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு கண்டதில்லை.

மச்சாள், அந்தச் சனத்துக்காக நானும் செபிக்கிறேன். ஆனால் எனக்கு இருக்கிறது இவர் ஒருவர். அந்தத் திறப்பை அனுப்புங்கள். எந்தக் கடவுளிடம் பாவமன்னிப்புக் கேட்க வேண்டுமோ, அவரிடம் நான் கேட்கிறேன்.

உங்கள்,
கிளடிஸ்

*

வோபர்ன்
02.09.1996

அன்புள்ள கிளடிஸுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னியும். நேரத்துக்குச் சாப்பிடுகிறீரா? தனியே இராமல் கொன்வென்ட் சிஸ்டர்மாரோடு போய் இரும்.

அகஸ்ரினின் விசயமாக இங்கே இருக்கும் பாராளுமன்ற உறுப்பினரின் கந்தோருக்கு இரண்டு முறை போனேன். வெளிநாட்டு அமைச்சுக்கு எழுதியிருக்கிறார்கள். பார்க்டேலில் ஒரு சட்டத்தரணி அம்மா, கைதிகளுக்காக எழுதும் அமைப்புகளுக்கு விவரம் கொடுத்திருக்கிறா. எங்கள் பங்குச் சுவாமி அங்குள்ள ஆயரோடு பேசினார். உமக்கு வரும் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நீர் கேட்டது என்னிடம் இல்லை. அந்தக் கோப்புகளைத் திறக்கக்கூடியது எதுவும் என்னிடம் இல்லை. இதைக் கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லும். என்னிடம் வாங்கலாம் என்று அகஸ்ரினைத் தடுத்து வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

இத்துடன் வேறொன்றும் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
கிறிஸ்ரினா

*

கொழும்பு
25.09.1996

மச்சாளுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். எனக்கு வருமுன்பே அவர் அதை வாசித்திருந்தார் என்று நினைக்கிறேன், உறையைப் பார்க்காமலே திருப்பித் தந்தார். "உம்மடை மச்சாள் படிச்சவ" என்றார்.

உங்களிடம் இருக்கிறது என்று இவரே சொன்னார். இல்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். இவர் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

குளிர்ச்சட்டையை அலெக்ஸாண்டர் அண்ணையின் தாயிடம் கொடுத்துவிட்டேன். இனி நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

கிளடிஸ்

*

கொழும்பு
16.12.1996

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் ஸ்டெபனிக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டேன். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சுவாமி வந்து கூட்டிக்கொண்டு போனார். உங்கள் முயற்சிகளுக்கு நன்றி. எனக்குச் சுகம். எழுத்துக் கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். விரல் ஒரு கதவில் நசிந்துவிட்டது.

இங்கே நல்ல மழை. மின்வெட்டு இல்லை. கிளடிஸ் சுகமாக இருக்கிறாள். கொன்வென்டில் எழுதுநர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

வேறு விசேசம் இல்லை.

தம்பி,
அகஸ்ரின்

*

வோபர்ன்
19.01.1997

அன்புள்ள தம்பிக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் ஸ்டெபனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா ஏன் பேபி மாதிரி எழுதுறார்?" என்றாள். கையை வைத்தியரிடம் காட்டினாயா? எந்தக் கை விரல், எத்தனை விரல் என்று நீ எழுதவில்லை.

நாங்கள் சுகம். அத்தானுக்குத் தொழிற்சாலையில் குனியாத வேலை கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தில் எழுத முடியாதவை உனக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக வரும் ஒருவரிடம் புது டிஸ்க் ஒன்று தந்துவிடுகிறேன். அதில் என்னுடைய புதுப் பூட்டு இருக்கிறது. பழையதைப் பாவிக்காதே. அதில் பூட்டினால் என்னாலும் வாசிக்க முடியாது. கைரேகை வரியை வழக்கம்போலப் போனில் வாசிக்கிறேன். இந்த முறை நீயும் உனக்கென்று ஒன்று உருவாக்கி, பூட்டை எனக்கு அனுப்பு. இதில் சாட்சிக்காரர் யாரும் இல்லை, நீயும் நானும்தான்.

விருப்பம் இருந்தால் மட்டும் எழுது. கட்டாயம் இல்லை.

அக்கா,
கிறிஸ்ரினா

*

கொழும்பு
23.02.1997
(பூட்டி அனுப்பியது)

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமா? இதைச் சேரின் மருமகனுடைய கொம்பியூட்டரில் ஒரு கையால் அடிக்கிறேன். நீ சொன்னபடி எனக்கென்று உருவாக்கிய பூட்டும் இத்துடன் வருகிறது. பூட்டிய பிறகு என்னாலும் இதைத் திருப்பி வாசிக்க முடியாது. எழுதுவதற்கு அது உதவியாக இருக்கிறது.

வலது கையில் மூன்று விரல். கதவு இல்லை.

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. பாஸ்வேர்ட் என்ன? அப்படி ஒன்று இல்லை என்று நான் விளங்கப்படுத்தினேன். பூட்டும் எண் வேறு, திறக்கும் எண் வேறு என்று உன் கடிதத்தில் இருந்தபடியே சொன்னேன். ஒரு வாத்தியார் மாதிரிப் பொறுமையாகச் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பிறகு கொம்பியூட்டர் தெரிந்த பெடியன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். அவன் பார்த்துவிட்டு, "இவர் சொல்லுறது சரி, இவரிட்டை இருக்காது" என்றான். அதற்குப் பிறகுதான் அடி குறைந்தது. அதற்குப் பிறகுதான் உன் பெயரைக் கேட்டார்கள். நான் பெயரும் விலாசமும் நீ எங்கே வேலை செய்கிறாய் என்பதும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அக்கா, என்னிடம் இருந்திருந்தால் இரண்டாம் நாளே கொடுத்திருப்பேன். இங்கே என்னைப் பெரிய ஆளாக நினைக்கிறார்கள். கோயிலில் ஒரு கிழவர் இந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சினார். நான் கையை இழுக்கவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது? நீ அனுப்பின பூட்டு என்னை அடிவாங்க வைத்தது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உன் கடிதத்தில் அது தெரிகிறது. அப்படி இல்லை. கொடுத்துவிட்டு வந்திருந்தால், அந்தச் சனத்துக்கு நடுவே இந்த வீட்டில் நான் இருந்திருக்க மாட்டேன்.

ஒரேயொரு பெயர் எனக்குத் தெரியும். கரியால் இலக்கம் எழுதினவள், நீ வாசித்தாயே, அவள் ஜெயமலர். இரண்டு தெரு தள்ளி இருப்பதால் தெரியும். அவர்கள் கோப்பைத் திற என்றுதான் கேட்டார்கள், பெயரைச் சொல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? பதில் எனக்குத் தெரியும், ஆனால் அதை இங்கேயும் எழுத மாட்டேன்.

அவளுடைய புருசன் உயிரோடு இருக்கிறான். சேர் லண்டனிலிருந்து வாகன இலக்கத்தோடு அனுப்பிய விண்ணப்பத்தை வைத்து இங்கே இன்னொரு சட்டத்தரணி வழக்குப் போட்டார். தெற்கே ஒரு சிறையில் வேறு பெயரில் இருந்தவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயமலர் என்னிடம் வந்து, "அண்ணை, அவர் மெலிஞ்சுபோனார். ஆனால் அவர்தான்" என்றாள். வாக்குமூலம் தந்த மற்றவர்களில் ஒருவர் வீட்டுக்கும் யாரும் போய் விசாரிக்கவில்லை என்று சேர் மூலம் அறிந்தேன்.

அப்படியென்றால் சேருக்கு அந்தக் கோப்புகள் எப்போது போயின? ஏன் புதுப் பூட்டு? பழைய திறப்புக்கு என்ன நடந்தது? கிளடிஸ் உன் பெயர் வந்தால் எழும்பிப் போய்விடுகிறாள்.

அகஸ்ரின்

*

வோபர்ன்
15.03.1997
(பூட்டி அனுப்பியது)

என் அன்புத் தம்பிக்கு,

உன் கைக்குச் செபிக்கிறேன். மூன்று விரலும் அசைகிறதா என்று எழுது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கிளடிஸின் கடிதம் வந்த அன்று அதைக் கைப்பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோய், கந்தோர் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து வாசித்தேன். அன்று பின்னேரமே திறப்பை ஒரு டிஸ்கில் பிரதி எடுத்தேன். உறை வாங்கினேன், முத்திரை ஒட்டினேன், உங்கள் வீட்டு விலாசம் எழுதினேன். அது பல நாள் என் கைப்பையில் இருந்தது. தபால்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் கை பைக்குள் போகும். அத்தான் கேட்டார், "உம்மடை தம்பியைவிட, முகம் தெரியாத சனம் பெரிசோ?" கிளடிஸிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தால் போட்டுவிடுவேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

அதனால் ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் திறந்தேன். வாசிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சேருடைய பூட்டால் திரும்பப் பூட்டி லண்டனுக்கு அனுப்பினேன். எல்லாம் கிடைத்தது, ஒழுங்காகத் திறக்கிறது என்று அவர் போன் எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு என்னுடைய திறப்பை, உனக்குச் சொல்லித் தந்த அதே கட்டளையால் அழித்தேன். கைப்பையில் இருந்த டிஸ்கைக் கத்திரிக்கோலால் வெட்டினேன். முத்திரை வீணாகப் போனது.

அதற்குப் பிறகுதான் கிளடிஸுக்கு எழுதினேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அதனால் முதலில் அதை உண்மையாக்கிவிட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தை அவளுக்கு முன் வேறு ஆட்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்ததால் விளக்கம் எழுத முடியவில்லை. அவள் என்னைக் கல் என்று நினைத்திருப்பாள்.

உன்னை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. விடாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் அழித்தேன். இதையெல்லாம் நீ கிளடிஸுக்குச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம்.

ஸ்டெபனி பியானோ பழகுகிறாள். பக்கத்து அபார்ட்மென்ட்காரர் சுவரில் தட்டுகிறார்கள். மற்றும்படி எல்லோரும் சுகம்.

உன் அக்கா

*

கொழும்பு
13.04.1997
(பூட்டி அனுப்பியது)

அன்புள்ள அக்கா,

நாளைக்குப் புதுவருசம். தெருவெல்லாம் வெடிச் சத்தம். கிளடிஸ் காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிறாள். இரண்டு விரல் அசைகிறது. மூன்றாவது இனி அப்படித்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கொன்வென்ட் வேலை கிடைத்தது. சிஸ்டர்மார் இடது கை எழுத்துக்குப் பழகிவிட்டார்கள். சேர் அடுத்த மாதம் வருகிறார். பின்னேரங்களில் அவரிடமும் போவேன் என்று கிளடிஸிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசிக்கத் தொடங்கும்போது எழும்பப் பார்த்தாள், கை முழுக்கச் செதில், அதனால் இருந்துவிட்டாள். உறையில் முத்திரை ஒட்டிய இடம் வந்தபோது கத்தியை நிறுத்தினாள். முடித்ததும் தாளை அடுப்பில் போட்டேன். அவள் மீனைக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அதை அழிக்கேக்கை மச்சாள் அழுதவவோ?"

எனக்குத் தெரியாது, எழுதவில்லை என்றேன்.

"கேட்டு எழுதுங்கோ" என்றாள்.

எனக்கு எழுதாதே. பதிலைச் சாதாரணத் தபாலில் அவளுடைய பெயருக்கே போடு.

எல்லோருடைய சுகத்துக்கும் செபித்து,
தம்பி அகஸ்ரின்